மைக்ரோவேவில் என்1 மட்டும், ஆயில் பாத்தில் மூன்று விளைபொருள்: இது கதிரின் வேலையா?

பெஞ்ச்மதி (கேள்வி)

வணக்கம். 1,2,4-ட்ரையசோலை (மூன்று நைட்ரஜன் உள்ள ஐந்தணு வளையம்) பீனசைல் புரோமைடு கொண்டு ஆல்கைலேற்றம் செய்கிறேன், அதாவது வளையத்தின் நைட்ரஜனில் பீனசைல் தொகுதியை ஏற்றுகிறேன். கரைப்பான் இல்லை, காரமும் இல்லை. ட்ரையசோல் 345 மி.கி. (5 மில்லிமோல்), பீனசைல் புரோமைடு 995 மி.கி. (5 மில்லிமோல்), இரண்டையும் கல்வத்தில் கலந்து போடுகிறேன்.

மைக்ரோவேவ்: ஒற்றை வயல் (சிறு கண்ணாடிக் குப்பி) கருவி, 10 மி.லி. மூடிய வயல், மேக்னடிக் பார், 140 டிகிரி செல்சியஸ், 20 நிமிடம். ஐஆர் (அகச்சிவப்பு) வெப்பநிலைச் சென்சார் வயலின் அடியிலிருந்து பார்க்கிறது. காற்றுக் குளிரூட்டல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பவர் தொடர்ந்து உள்ளே போகும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆயில் பாத்: 25 மி.லி. உருண்டைக் குடுவை, எண்ணெயில் தெர்மாமீட்டர், 140 டிகிரி, அதே 20 நிமிடம்.

ஒர்க்-அப் இரண்டுக்கும் ஒன்றுதான். எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, சிலிக்கா காலம் (நிறப்பிரிகைக் குழாய்). மைக்ரோவேவில் என்1 மாற்றியம் (1-ஆம் இட நைட்ரஜனில் ஏறியது) மட்டும் கிடைக்கிறது. ஆயில் பாத்தில் என்1, கொஞ்சம் என்4 (4-ஆம் இட நைட்ரஜனில் ஏறியது), டிஎல்சியின் (மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டு) அடிக்கோட்டிலேயே நிற்கும் ஒரு பொருள் (என்1, என்4 இரண்டிலும் ஆல்கைலேறிய உப்பு என்று நினைக்கிறேன்).

பழைய கட்டுரைகள் இதே வகை வினையில் "வெப்பம் சாராத மைக்ரோவேவ் விளைவு" (சூட்டால் அல்ல, மைக்ரோவேவ் புலமே நேரடியாக வினையை மாற்றுகிறது) என்று எழுதியிருக்கின்றன. ஆய்வேட்டிலும் அப்படியே எழுதலாம் என்கிறார் நெறியாளர். எழுதலாமா? எழுதினால் வைவாவில் எங்கே மாட்டுவேன்?

---

அசோல்பிரியன்

கதிரைப் பற்றிப் பேசுமுன் உங்கள் விகிதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். நீங்கள் அளந்திருப்பது வினையின் தெரிவுத்திறனை அல்ல. எத்தில் அசிட்டேட்டுக்கும் சிலிக்காவுக்கும் தப்பிவந்தவற்றின் விகிதத்தை.

இரட்டை உப்பு நீரில் போய்விடும். பைகார்பனேட் கழுவலில் பெரும்பகுதி அங்கேயே கொட்டப்படுகிறது. என்4 மாற்றியத்தின் இருமுனைத் திருப்புத்திறன் என்1-ஐவிட மிக அதிகம்; அதுவும் நீர் அடுக்கை விரும்பும், எத்தில் அசிட்டேட்டுக்கு முழுதாக வராது. வந்ததும் காலத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். மெத்தனால் 8, 10 சதவீதம் வரை ஏற்றாமல் விட்டால் அது சிலிக்காவோடு குப்பைக்குப் போகும். ஆக, ஒர்க்-அப்பே என்1-க்குச் சாதகமான வடிகட்டி. கழுவும் நீரின் அளவு, எத்தனை முறை கழுவினீர்கள் என்பதெல்லாம் இரண்டு ஓட்டத்திலும் கொஞ்சம் மாறினாலே ஒரு பக்கம் "மூன்று பொருள்", மறுபக்கம் "ஒன்று மட்டும்" என்று தோன்றும்.

நிறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மைக்ரோவேவ் ஓட்டத்தில் தனித்தெடுத்த என்1 60 சதவீதம் என்றால், மீதி 40 எங்கே? வினைபடாத பீனசைல் புரோமைடு எவ்வளவு திரும்பிக் கிடைத்தது? அந்தக் கணக்கு மூடாதவரை "மட்டும்" என்ற சொல்லை எழுதக்கூடாது.

செய்யவேண்டியது கழுவாத கச்சா கலவையின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலை):

வினை முடிந்ததும் வயலைக் காற்றில் ஆற்றி, பிறகு ஐஸில் வைத்து நிறுத்துங்கள். உறைந்த கட்டியின் மேலிருந்து சுரண்டி எடுக்காதீர்கள். கரைப்பான் இல்லாத வினையில் அடியும் மேலும் ஒன்றாக இருக்காது. முழுவதையும் மெத்தனாலில் கரைத்து, 10 மி.லி.க்குக் கொண்டுவந்து, அதில் 0.3 மி.லி. எடுத்து, குளிர்ந்த நிலையில் வெற்றிடத்தில் உலர்த்தி, டியூட்டீரிய டிஎம்எஸ்ஓவில் கரையுங்கள். அகத் தரமாக 1,3,5-ட்ரைமெத்தாக்சிபென்சீன் எடைபோட்டுச் சேர்க்கவேண்டும். அதன் அரோமேட்டிக் உச்சி 6.1 பிபிஎம் பக்கம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம். இரு துடிப்புகளுக்கு இடையே 30 வினாடி காத்திருப்பு வையுங்கள், இல்லாவிட்டால் தொகையீடு பொய் சொல்லும்.

என்1 மாற்றியத்தில் ட்ரையசோல் வளையத்துக்கு இரண்டு தனி ஒற்றை உச்சிகள் வரும். என்4 சமச்சீரானது என்பதால் இரண்டு ஹைட்ரஜனுக்கும் சேர்த்து ஒரே ஒற்றை உச்சி. இரட்டை உப்பில் இரு நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள கரியின் ஹைட்ரஜன் வெகு தூரம் இறங்கி 10 பிபிஎம் பக்கம் நிற்கும், தப்பவே தப்பாது. ஆனால் உங்கள் கலவையில் ஹைட்ரஜன் புரோமைடு இருக்கிறது. என்1-உம் என்4-உம் புரோட்டான் ஏறிய நிலையில் உச்சிகள் இடம் மாறும். ஆகவே புத்தக எண்ணைப் பார்த்து அடையாளம் காணாமல், தூய மாதிரியை ஒரு துளி சேர்த்து எந்த உச்சி வளர்கிறது என்று பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். உச்சியைச் சரிப்படுத்தலாம் என்று ட்ரைஎத்திலமீன் விட்டால், உப்பின் அந்த 10 பிபிஎம் ஹைட்ரஜனும் கார்பனைலுக்கு அடுத்த மெத்திலீனும் அமிலத்தன்மை உள்ளவை. கரைப்பானில் கனநீரோ டியூட்டீரிய மெத்தனாலோ இருந்தால் பரிமாறிக்கொண்டு மறைந்துபோகும். "உப்பே இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். இரண்டாவது, மீதமிருக்கும் பீனசைல் புரோமைடை டிஎம்எஸ்ஓ அறை வெப்பத்திலேயே மெல்லப் பீனைல்கிளையாக்சாலாக ஆக்சிஜனேற்றம் செய்யும், கார்ன்ப்ளம் வினை. குழாயை வரிசையில் ராத்திரி முழுக்க வைக்காமல் கரைத்த கையோடு எடுத்துவிடுங்கள்.

தூய என்1 மாதிரிக்கு 4-அமினோ-1,2,4-ட்ரையசோல் வழி நம்பகமானது. அமினோ தொகுதி என்4-ஐ அடைத்துக்கொள்வதால் ஆல்கைலேற்றம் என்1-இல்தான் நடக்கும். 2-புரோப்பனாலில் உப்பைச் செய்து, பிறகு 0 முதல் 5 டிகிரியில் சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் அமினோ தொகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கழன்றுவிடும். வாயு வரும், திறந்த பாத்திரத்தில் மெதுவாக விடவும். என்4 மாதிரியை உங்கள் ஆயில் பாத் கலவையிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். நீர் அடுக்கைக் கொட்டாமல் குளோரோஃபார்ம்-மெத்தனாலால் பலமுறை பிரித்தெடுங்கள்.

---

ஆர்ஹீனியஸ்_வீதி

அசோல்பிரியன் சொன்னது பாதி. மறுபாதி வெப்பநிலை. "இரண்டும் 140" என்கிறீர்கள். இரண்டுமே 140 இல்லை.

எண்ணெய் 140 என்றால் குடுவைக்குள் அதைவிடக் குறைவு, அதுவும் பல நிமிடம் கழித்து. மைக்ரோவேவில் நிலைமை தலைகீழ். வெப்பம் உள்ளே பிறக்கிறது, காற்று வெளிச்சுவரைக் குளிர்விக்கிறது, ஐஆர் சென்சார் பார்ப்பது அந்தக் குளிர்ந்த கண்ணாடியை. கருவி "இன்னும் 140 வரவில்லை" என்று பவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குளிரூட்டல் ஓடும்போது உள்ளிருக்கும் வெப்பநிலை திரையில் காட்டுவதைவிடப் பத்துக்கணக்கான டிகிரி கூடுதலாக இருப்பது பலமுறை அளந்து காட்டப்பட்ட விஷயம். இதோடு உங்கள் வினையில் உப்பு பிறந்துகொண்டே இருக்கிறது. அயனிகள் மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சும். வினை முன்னேற முன்னேறக் கலவை இன்னும் பசியோடு வாங்கும். பதிவான பவர் வரைபடத்தைப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு உள்ளே 170 என்று வைத்துக்கொள்வோம். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல் உள்ள ஒரு வினை 140-இலிருந்து 170-க்குப் போனால் வேகம் 7 மடங்கு. அதாவது உங்கள் 20 நிமிடம், 140-இல் சுமார் 2 மணி 25 நிமிடத்துக்குச் சமம். ஆயில் பாத்தில் 20 நிமிடத்தை வைத்துக்கொண்டு இதோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இனி முக்கியமான கணக்கு. போட்டி போடும் இரண்டு வழிகளின் கிளர்வு ஆற்றல் வித்தியாசம் 40 கிலோஜூல் என்றால், இந்த 30 டிகிரி பிழை அவற்றின் விகிதத்தை 2.2 மடங்கு மாற்றும். வித்தியாசம் 10 கிலோஜூல்தான் என்றால் 1.2 மடங்கு மட்டுமே. ஒரே வளையத்தின் இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையே 40 எதிர்பார்க்க முடியாது, சிறிய வித்தியாசம்தான் இருக்கும். ஆக, நேரடிப் போட்டியில் என்1:என்4 விகிதம் 30 டிகிரிக்கு அசைவதே அரிது. மூன்று பொருள் ஒன்றாகச் சுருங்குவதற்கு அது காரணமாகவே முடியாது.

மிச்சமிருப்பவை மூன்று. ஒன்று, ஒர்க்-அப். இரண்டு, தொடர்வினை: இரட்டை உப்பு என்பது என்1 (அல்லது என்4) பிறந்த பிறகு இன்னொரு பீனசைல் ஏறுவதால் வருவது. அது எவ்வளவு வந்தது என்பது எவ்வளவு மாற்றம் நடந்தது, எந்த நேரத்தில் எது எவ்வளவு செறிவில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பீனசைல் புரோமைடு 50 டிகிரி பக்கத்தில் உருகும். ட்ரையசோல் 120-இல்தான் உருகும். ஆயில் பாத்தில் மெல்லச் சூடேறும்போது உருகிய பீனசைல் புரோமைடில் திடமாக மிதக்கும் ட்ரையசோல் துகள் என்ற நிலை பல நிமிடம் நீடிக்கிறது. துகளின் மேற்பரப்பில் பிறந்த என்1-ஐச் சுற்றி ஆல்கைலேற்றும் பொருள்தான் நிறைய. இரட்டை ஆல்கைலேற்றத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. மைக்ரோவேவில் இந்த இடைவெளியை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறீர்கள். சூடேறும் வேகம்தான் இதற்குக் காரணம் என்றால், அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

மூன்று, மீள்தன்மை. புரோமைடு அயனி நல்ல கருக்கவரியும் (எலக்ட்ரான் கொடுத்து இணையும் பொருள்) கூட. உயர்வெப்பத்தில் அது உப்பிலிருந்து பீனசைலைக் கழற்றி எடுக்கமுடியும். கழன்றது திரும்ப ஏறும்போது நிலைப்புத்தன்மை கூடிய என்1 பக்கம் சமநிலை சாயும். 4-ஆல்கைல் ட்ரையசோல்கள் உயர்வெப்பத்தில் 1-ஆல்கைலாக மாறுவது ஏற்கனவே அறியப்பட்டதே. நாப்தலீன் சல்ஃபோனேற்றத்தில் 80 டிகிரியில் 1-சல்ஃபோனிக் அமிலமும் 160-இல் 2-சல்ஃபோனிக் அமிலமும் மேலோங்குவதாக இளநிலைப் பாடத்தில் படித்தோமே, அதே தர்க்கம்தான். 1993-இல் ஸ்டூர்கா குழு மைக்ரோவேவ் தெரிவுத்திறனுக்கு எடுத்துக்கொண்ட வினையும் அதுவே. அவர்கள் பிடித்தது சூடேற்றும் வேகத்தை, மாய சக்தியை அல்ல.

இதற்கான சோதனை எளிது. ஆயில் பாத்தில் கிடைத்த மூன்று பொருள் கலவையைக் கழுவாமல் மூன்று வயலில் பிரித்து, 140, 160, 180 டிகிரி ஆயில் பாத்தில் மேலும் 20 நிமிடம் வைத்து, என்எம்ஆர் எடுங்கள். என்4-உம் உப்பும் சுருங்கி என்1 வளர்ந்தால் கதை முடிந்தது. உங்கள் மைக்ரோவேவ் வெறுமனே அதிகச் சூடாக இருந்திருக்கிறது.

---

பெஞ்ச்மதி

இருவருக்கும் நன்றி. நீர் அடுக்கை எல்லா முறையும் கொட்டிவிட்டேன். இனி வைத்துக்கொள்கிறேன். எங்கள் துறையில் ஃபைபர்-ஆப்டிக் தெர்மாமீட்டர் (மைக்ரோவேவ் ஓடும்போதே வயலுக்குள் அளப்பது) இல்லை, சிலிக்கான் கார்பைடு வயலும் (புலத்தை உள்ளே விடாதது) இல்லை. அவை இல்லாமல் நேர்மையான ஒப்பீடு செய்ய வழி உண்டா?

---

வயல்மூடி

உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் குளிரூட்டலை அணையுங்கள். அது இருக்கும்வரை ஐஆர் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பிறகு ஐஆரைச் சரிபாருங்கள். வயலில் 3 மி.லி. நீர், மேக்னடிக் பார், மூடி. 150 டிகிரிக்கு வைத்து, எண் நிலைத்து 5 நிமிடம் ஆனதும் அழுத்தத்தைப் படியுங்கள். 150-இல் நீரின் ஆவியழுத்தம் 4.8 பார், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விரிந்து இன்னொரு 1.4, 1.5 பார் தரும். மொத்தம் 6.2, கருவி வளிமண்டலத்தைக் கழித்துக் காட்டினால் 5.2 பக்கம் வரவேண்டும். திரையில் 150 என்றிருந்து அழுத்தம் வளிமண்டலத்தைக் கழித்து 8 பாரைத் தொட்டால் உள்ளே 168, 170 இருக்கிறது என்று பொருள். அழுத்தச் சென்சார் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வயலின் அடிப்பகுதியில் விரல் ரேகை, லேபிள் பசை, கீறல் இருந்தாலும் ஐஆர் தடுமாறும். குறைந்தபட்சக் கொள்ளளவுக்குக் கீழே நிரப்பினாலும் அப்படியே, உங்கள் 1.3 கிராம் உருகல் 10 மி.லி. வயலின் அடியில் ஒரு மெல்லிய படலம்தான்.

கரைப்பான் இல்லாத வினையை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். கட்டியான பாகில் பார் சுற்றாது. 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.2 செ.மீ.; கருவியின் அறைக்குள் புலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கலக்காத கலவையில் ஒரே வயலுக்குள் மேலும் கீழும் வெவ்வேறு வெப்பநிலை இருக்கும். ஆகவே ஒருபடித்தான கரைசலுக்கு மாறுங்கள். அசிட்டோநைட்ரைலில் 0.5 மோலார், 3 மி.லி. போதும். அதன் டேன் டெல்டா (மைக்ரோவேவை வெப்பமாக மாற்றும் திறனின் அளவு) 0.062, குறைவாக உறிஞ்சுவதுதான், ஆனாலும் பிரச்சினையில்லாமல் 140 போகும். டிஎம்எஸ்ஓ டேன் டெல்டா 0.825 என்று ஆசைப்பட்டு அதை எடுத்துவிடாதீர்கள், காரணத்தை அசோல்பிரியன் மேலே சொல்லிவிட்டார். எத்தனாலும் (0.941) கருக்கவரி, வேண்டாம்.

ஆயில் பாத்துக்கும் அதே மூடிய வயல், அதே கொள்ளளவு, அதே பார். உருண்டைக் குடுவை கூடாது. எண்ணெய் மட்டம் கரைசல் மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். அழுத்தப் பாத்திரம் என்பதால் பாதுகாப்புத் திரைக்குப் பின்னால், ஹூட்டின் (புகை உறிஞ்சும் அடைப்பு) கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான். உள் வெப்பநிலைக்கு, அதே அளவு உயர்கொதிநிலைக் கரைப்பான் ஊற்றிய போலி வயலில் தெர்மோகப்பிளை இறக்கி, அது 140 காட்டும்படி எண்ணெயை எத்தனை டிகிரி மேலே வைக்கவேண்டும் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அது எத்தனை நிமிடத்தில் 140-ஐ அடைகிறது என்பதையும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். சாதாரண உலோகத் தெர்மோகப்பிளை மைக்ரோவேவுக்குள் விடவே கூடாது. அது ஆன்டெனா ஆகிவிடும்.

சிலிக்கான் கார்பைடு வயல் இல்லாதவர்களுக்கு மிகச் சிறந்த கட்டுப்பாட்டுச் சோதனை இதுதான்: ஆயில் பாத்தை மைக்ரோவேவ் வேகத்துக்கு ஏற்றப் பார்க்காதீர்கள், மைக்ரோவேவை ஆயில் பாத் வேகத்துக்கு மெதுவாக்குங்கள். போலி வயல் 140-ஐ அடைய 4 நிமிடம் எடுத்தால் மைக்ரோவேவிலும் 4 நிமிட ஏற்றம் போடுங்கள். புலம் இருக்கிறது, சூடேறும் பாதை ஒன்றே. வித்தியாசம் மறைந்தால் காரணம் வேகமும் வெப்பமும்தான்.

நேரப் புள்ளிகள் 1, 2, 5, 10, 20 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி வயல். 20 நிமிட ஒற்றைப் புள்ளியை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. கிடைமட்டத்தில் மாற்றச் சதவீதம், செங்குத்தில் என்1, என்4, உப்பு ஒவ்வொன்றின் பங்கு. இரண்டு முறையின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் தெரிவுத்திறனில் வித்தியாசமே இல்லை. ஒன்று மற்றதைவிட வேகமாக அந்தக் கோட்டில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். தொடர்வினை உள்ள இடத்தில் ஒரே நேரத்தில் ஒப்பிடுவது தவறு, ஒரே மாற்றத்தில் ஒப்பிடவேண்டும். கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும் ரெஃப்ரிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

மைக்ரோவேவ் முடிந்ததும் காற்றுக் குளிர்ச்சியில் ஒரு நிமிடத்தில் 50 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணெயிலிருந்து எடுத்த வயல் அப்படி இறங்காது. அதையும் காற்றுக் குழாய் வைத்தே ஊதி ஆற்றுங்கள். சூடான கண்ணாடியை நேராக ஐஸில் முக்கினால் விரிசல் விழும்.

வயலைத் திறக்குமுன் ஒரு எச்சரிக்கை. பீனசைல் புரோமைடு கண்ணீர்ப் புகை வகை. ஹைட்ரஜன் புரோமைடும் உள்ளே உண்டு. 40 டிகிரிக்குக் கீழே வந்தபின், ஹூட்டுக்குள், ஊசியால் அழுத்தத்தை விட்டுத்தான் மூடியைக் கழற்றவேண்டும். கல்வத்தில் அரைப்பதையும் ஹூட்டுக்கு வெளியே செய்யாதீர்கள்.

---

அசோல்பிரியன்

ஒரு சேர்க்கை. சிலிக்கான் கார்பைடு வயல் ஏன் முக்கியம் என்று மதிக்குத் தெரிந்திருக்கட்டும், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கினாலும் வாங்கலாம். அந்தச் சுவர் மைக்ரோவேவை ஏறக்குறைய முழுதாக உறிஞ்சிவிடும். உள்ளே புலம் போகாது. வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால் சூடேறும் வரைபடம் கண்ணாடி வயலுடையதைப் போலவே இருக்கும். அதே கருவி, அதே நிரல், அதே கலக்கல். புலம் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் காப்பே குழு 2009-இல் இதைக் கொண்டுவந்த பிறகு "வெப்பம் சாராத விளைவு" பட்டியல் வேகமாக மெலிந்தது.

உங்கள் வினைக்கு இன்னும் நேரடியான முன்னுதாரணம் இருக்கிறது. 2008-இல் அதே குழு நான்கு வினைகளைத் திரும்பச் செய்து பார்த்தது: ஒரு டீல்ஸ்-ஆல்டர், ட்ரைஃபீனைல்பாஸ்பீன் ஆல்கைலேற்றம், நேரடி அமைடு உருவாக்கம், அப்புறம் இதே 1,2,4-ட்ரையசோல் ஆல்கைலேற்றம். நான்கிலும் முன்பு சிறப்பு விளைவு இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. வயலுக்குள் பல ஃபைபர்-ஆப்டிக் முனைகளை இறக்கி, நன்றாகக் கலக்கி, அக வெப்பநிலையைச் சமப்படுத்தியதும் மாற்றத்திலும் தெரிவுத்திறனிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் வைவாவில் யாராவது ஒருவர் இதைப் படித்திருப்பார்.

---

இருபடலம்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். "வெப்பம் சாராத விளைவு இல்லை" என்பதும் "மைக்ரோவேவால் தெரிவுத்திறன் மாறாது" என்பதும் ஒன்றல்ல.

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். 2.45 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 1 ஜூல். 140 டிகிரியில் மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றலே மோலுக்கு 3,400 ஜூல். பிணைப்பைத் தொட அதற்கு வக்கில்லை.

ஆனால் கலவை ஒருபடித்தாக இல்லாதபோது மைக்ரோவேவ் ஆயில் பாத்தால் முடியாத ஒன்றைச் செய்கிறது: ஒரு பகுதியை மட்டும் சூடாக்குகிறது. மெல்போர்னில் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வின் ஸ்ட்ராஸ் குழு செய்த ஹாஃப்மன் நீக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரும் குளோரோஃபார்மும் இரண்டு அடுக்கு. நீரில் நான்காம்நிலை அம்மோனியம் உப்பு. ஒரு நிமிடம் சூடேற்றினால் நீர் அடுக்கு 105 டிகிரி, குளோரோஃபார்ம் 48 டிகிரி. நீரில் பிறக்கும் பீனைல் வினைல் கீட்டோன் சூட்டில் பல்படியாகும் பொருள். பிறந்தவுடன் குளிர்ந்த குளோரோஃபார்முக்கு நகர்ந்து தப்பிக்கிறது. விளைச்சல் 97 சதவீதம். ஆயில் பாத்தில் இரண்டு அடுக்கும் சேர்ந்தே சூடேறும், இந்த ஏற்பாட்டுக்கு இடமில்லை. இதிலும் எல்லாம் வெப்பம்தான், ஆனால் வெப்பம் இருக்கும் இடம் வேறு.

திண்ம வினையூக்கியிலும் அப்படி. டோலுயீன் டேன் டெல்டா 0.040, ஏறக்குறைய ஒளிபுகும் கண்ணாடி மாதிரி. அதில் பலேடியம் ஏற்றிய கரித்தூளைப் போட்டால் உறிஞ்சுவது கரி மட்டும். துகள் மேற்பரப்பு கரைப்பானைவிட மிகச் சூடாகும், சில சமயம் பொறியும் தெறிக்கும். சுசுகி இணைப்பில் இது நன்மைக்குப் பதில் ஹாலஜன் கழன்றுபோவது போன்ற பக்கவினையைக் கூட்டலாம். வயலின் சுவரில் கண்ணாடி போல் பலேடியம் படிந்தால் அங்கேயே கண்ணாடி உருகி வயல் வெடிக்கும் அபாயமும் உண்டு. படலம் தெரிந்தால் அந்த வயலைத் தூக்கிப் போடுங்கள், கழுவிப் பயன்படுத்தாதீர்கள்.

மதியின் கரைப்பானற்ற உருகலும் தொடக்க நிமிடங்களில் ஒருபடித்தானதல்ல என்பதை மறந்துவிடக்கூடாது. வயல்மூடி சொன்ன அசிட்டோநைட்ரைல் ஒப்பீடு "புலத்துக்குத் தனிச் சக்தி இல்லை" என்று காட்டும். உருகலில் என்ன நடந்தது என்பதை அது காட்டாது. அதற்கு மெதுவான ஏற்றச் சோதனையை உருகலிலும் ஒருமுறை செய்யவேண்டும், வரம்புகளைச் சொல்லியே.

---

ஆர்ஹீனியஸ்_வீதி

இருபடலம் சொல்வது சரி. உருகலில் செய்யும்போது பெரிய சிலுவைப் பார் போடுங்கள், இல்லாவிட்டால் சுற்றாது.

வெப்பம்தான் காரணம் என்று ஆகிவிட்டால் மைக்ரோவேவின் மதிப்பு குறைந்துவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். மூடிய வயலில் உயர்வெப்பத்துக்குச் சட்டென்று போய்ச் சட்டென்று இறங்க முடிவதே தெரிவுத்திறனுக்குப் பெரிய கருவி. 5-அமினோபைரசோல், டைமெடோன், அரோமேட்டிக் ஆல்டிஹைடு மூன்றையும் சேர்க்கும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள் (கார்கிவ், கிராஸ் குழுக்கள், 2008). அறை வெப்பத்தில் அல்ட்ராசவுண்டில் வைத்தால் பைரசோலோகுவினசோலினோன். எத்தனாலில் ட்ரைஎத்திலமீனோடு 150 டிகிரியில் பைரசோலோகுவினோலினோன். அதே 150-இல் வலிய காரம் போட்டால் மூன்றாவது ஒரு வளையம், குவினோலிசினோன். வெப்பமும் காரமும்தான் மாறின. அதே மூன்று வினைபடுபொருள், மூன்று வேறு எலும்புக்கூடு.

உயர்வெப்பம் தெரிவுத்திறனைக் கட்டாயம் கெடுக்கும் என்பதும் விதியல்ல. சுவீடனில் மோபெர்க், ஹால்பெர்க் குழுக்கள் 2000-இல் மாலிப்டினம் வினையூக்கியால் செய்த அல்லைல் ஆல்கைலேற்றம் 160 டிகிரி பக்கத்தில் சில நிமிடங்களில் முடிந்தும், ஒரு கைத்தன்மை மாற்றியத்தின் மிகை 95 சதவீதத்துக்கு மேல் நின்றது.

---

புதுக்குடுவை

இடையில் ஒரு கேள்வி. எங்கள் கல்லூரியில் வீட்டு மைக்ரோவேவ் அவன்தான் இருக்கிறது. 1986-இல் முதல் கட்டுரைகளே வீட்டு அவனில் செய்தவைதானே? அதில் இந்த ஒப்பீட்டைச் செய்யலாமா?

---

வயல்மூடி

கூடாது. 1986-இல் கெடி குழுவும் ஜிகேர் குழுவும் செய்தார்கள் என்பது உண்மை. அந்தக் காலத்தில் மூடிய பாத்திரங்கள் வெடித்ததும் உண்மை. "30 சதவீதம் பவர்" என்று வீட்டு அவன் சொல்வது முழு பவரைச் சில வினாடி விட்டுச் சில வினாடி நிறுத்துவது. வெப்பநிலை அளவீடு இல்லை, கலக்கல் இல்லை, அழுத்தக் கட்டுப்பாடு இல்லை, உள்ளே சூடான இடமும் குளிர்ந்த இடமும் எங்கே என்று தெரியாது. திறந்த பாத்திரத்திலும் கலக்காத கரைப்பான் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிச் சட்டென்று பொங்கும். எளிதில் தீப்பற்றும் ஆவி, பொறி தட்டும் ஸ்விட்ச், காற்றோட்டமில்லாத பெட்டி. தெரிவுத்திறனைப் பற்றி அதில் கிடைக்கும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. பீனசைல் புரோமைடை அதில் வைப்பதை நினைத்தும் பார்க்கவேண்டாம்.

உயர்வெப்பம் என்ன செய்யும் என்று மாணவர்களுக்குக் காட்டவேண்டுமென்றால் ஆர்த்தோ-ஃபீனைலீன்டையமீனும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து 2-மெத்தில்பென்சிமிடசோல் ஆகும் வினையை எடுங்கள். அறை வெப்பத்தில் 9 வாரம், 100 டிகிரியில் 5 மணி நேரம், 160-இல் 10 நிமிடம். மைக்ரோவேவே தேவையில்லை. மூடிய அழுத்தக் குழாயும் சூடாக்கிய அலுமினியக் கட்டையும் இருந்தால் போதும்.

---

பெஞ்ச்மதி

புரிந்தது. கடைசியாக: சோதனைகள் முடிந்து வித்தியாசம் மறைந்துவிட்டால், ஆய்வேட்டில் அந்தப் பத்தியை எப்படி எழுதுவது? நெறியாளரிடம் காட்டவேண்டும்.

---

அசோல்பிரியன்

பழைய கட்டுரைகளைத் திட்டாமல், அளந்ததை மட்டும் எழுதுங்கள். "அக வெப்பநிலையும் சூடேறும் வேகமும் சமப்படுத்தப்பட்டபோது, சம மாற்றத்தில் என்1, என்4, இரட்டை உப்பு ஆகியவற்றின் பங்கு இரு முறைகளிலும் அளவீட்டுப் பிழைக்குள் ஒத்திருந்தது" என்று ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியத்தில், முதலில் தென்பட்ட வித்தியாசத்துக்கு எது காரணம் என்று உங்கள் தரவு காட்டுகிறதோ அது: நீர் அடுக்கில் இழப்பா, மறுசமநிலையா, சூடேறும் வேகமா. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கவும் வாய்ப்புண்டு, அப்படியானால் அப்படியே எழுதுங்கள்.

நெறியாளரிடம் போகும்போது ஆர்ஹீனியஸ்_வீதி சொன்ன மறுசூடேற்றச் சோதனையின் மூன்று என்எம்ஆரையும் கச்சா நிறைக் கணக்கையும் முதலில் எடுத்துவையுங்கள். வாதம் அங்கேயே முடியும்.

சோதனைப் பகுதியில் இவற்றை விடாதீர்கள்: கருவியின் மாடல், வயல் கொள்ளளவும் நிரப்பிய அளவும், சென்சார் வகையும் அது பார்க்கும் இடமும், குளிரூட்டல் அணைத்திருந்ததா, ஏற்ற நேரம், 140-இல் நிறுத்திய நேரம், ஆற்றிய முறை, அதிகபட்ச அழுத்தம், பார் வடிவமும் சுழற்சி வேகமும். "300 வாட், 20 நிமிடம்" என்று மட்டும் எழுதினால் அதை யாராலும் திரும்பச் செய்யமுடியாது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் ஓடும் கருவியில் அந்த வாட் எண் தொடக்கத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போவது.